பின்பக்கக் கவசம்

பின்பக்கத்தை மறந்துவிட்டோமே என்று எட்வினுக்கு உறைத்தபோது சொறிகள் வந்துவிட்டிருந்தன, கணினித் திரையின் அடி ஓரத்திலிருந்து, கறுத்த வானத்தில் ஊதாவாக, குடையை விரித்துச் சுருக்கி விரித்துச் சுருக்கி, பொழுது போகாமல் நடக்க வந்தவர்கள் மாதிரி அவசரமே இல்லாமல். விளையாட்டைச் செய்தவர்கள் அந்த வேற்றுலகப் பிராணிகளுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தூத்துக்குடிக் கடலில் நீந்தி வளர்ந்தவனுக்கு முதல் தடவை பார்த்ததுமே சொறி என்றுதான் தோன்றியது, காலில் சுற்றினால் சாட்டையடி பட்ட மாதிரி தடித்துப்போகுமே, அந்தச் சொறி, ஜெல்லிமீன். வலப்பக்கத்திலிருந்து கொஞ்சம் எடு, பின்னால் கொடு. பீரங்கியிலிருந்து கொஞ்சம் எடு, அதையும் பின்னால் கொடு. விண்கப்பலில் இருப்பது ஒரே ஒரு மின்சக்திதான், அதைத்தான் நாலு பக்கக் கவசத்துக்கும், பீரங்கிகளுக்கும், உள்ளே பச்சைப் புள்ளிகளாக நடமாடுகிற ஆட்களின் மூச்சுக்காற்றுக்கும் பங்கு வைக்க வேண்டும், ஒரு பக்கம் ஏற்றினால் இன்னொரு பக்கம் இறங்கும், எல்லாப் பக்கமும் நிறைந்து நின்றதாக ஒரு கணம்கூடக் கிடையாது. இந்தக் கட்டத்தில் எஞ்சின் வேறு செத்துக் கிடக்கிறது. ஓட முடியாது. மீட்புக் கப்பல் வரும்வரை நின்ற இடத்திலேயே நின்று தாங்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மீட்புக் கப்பலை எட்வின் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்திருப்பதாகத் தீபாங்கர் சொன்னான், இந்தச் சரக்குக் கப்பலில் மூன்றாவது ஆபீசராக இருந்த வங்காளத்துப் பையன், வெள்ளையாக, நீளமாக, வாலில் விளக்கோடு வரும் என்றான், இந்த மடிக்கணினியையும் விளையாட்டையும் எட்வினின் மடியில் வைத்துவிட்டுப் போனவன் அவன்தான், கப்பலைவிட்டு இறங்கிய நாளில், படகில் உட்கார்ந்த பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல். திரும்பிப் பார்க்காததில் தப்பில்லை. யாருமே பார்க்கவில்லை. எட்வினே இறங்கினாலும் பார்க்க மாட்டான்.

நாளைக்கு இறங்கினாலும். அந்த நினைப்பு வந்ததும் விரல் நழுவியது, இடப்பக்கம் ஒரு அடி வாங்கிச் சிவந்து அடங்கியது. நினைக்காதே. படகு வரும்போது வரட்டும். கேபினுக்குள் காற்று அசையவே இல்லை, கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தும் வெந்த இரும்பின் வாடைதான் உள்ளே வந்தது, மத்தியானத்தில் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிடுகிற ஜெனரேட்டர் கீழே எங்கோ இருமிக்கொண்டே இருந்தது, அது நிற்பதற்குள் கணினியும் போனும் வாக்கி-டாக்கியும் சார்ஜ் ஏறியாக வேண்டும், குடிதண்ணீர் பம்ப் ஓடியாக வேண்டும், சோறு பொங்கியாக வேண்டும். இன்றைக்குச் சோறு பொங்கவில்லை. வயிறு மறுத்துவிட்டது. தண்ணீரை மட்டும் குடித்தான், தொட்டியின் அடியில் கிடந்து துருவின் ருசி ஏறிய தண்ணீர், முதலில் குமட்டியது, பிறகு பழகியது, இப்போது நல்ல தண்ணீரைக் கொடுத்தால் அதில் ஏதோ குறைகிற மாதிரி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. பழகிப்போவதுதான் பயம். ஜன்னலுக்கு வெளியே அந்த அரபு ஊர் தெரிந்தது, கண்ணாடிக் கட்டடங்கள், கடற்கரைச் சாலை, வெயிலில் மினுங்கிக்கொண்டு எறும்பு மாதிரி போகிற கார்கள், நல்ல வெளிச்சத்தில் பஸ் எந்த நிறம் என்றுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு பக்கம். நடுக்கடலில் மாட்டியிருந்தாலாவது மனசு ஒழுங்காக இருக்கும். பஸ் தெரிகிற தூரத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு என்ன சொல்லி ஆறுதல் பண்ணுவது?

மாட்டிக்கொண்டது ஒரு நிமிஷத்தில். அதுவும் உட்கார்ந்துகூட இல்லை, நின்றுகொண்டே. கம்பெனி நொடித்துப்போனது, கடன்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், கோர்ட் கப்பலைச் சிறைபிடித்து நங்கூரத்தில் நிறுத்தியது, சிறைபிடித்த கப்பலில் சட்டப்படி பொறுப்பாக ஒருத்தன் இருந்தாக வேண்டும் என்றார்கள். கேப்டனுக்கு நெஞ்சுவலி, கரைக்குப் போயே ஆக வேண்டும். அடுத்த இடத்தில் இருந்தவன் சீஃப் ஆபீசர் எட்வின் மச்சாடோ. கேப்டன் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, எச்சில் தெறிக்க, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி எட்வின், கப்பல் விற்றதும் முடிந்தது, கொஞ்ச நாள்தான், என்றார். கோர்ட் ஆள் ஏதோ வாசித்தார், அரபியில். எட்வின் கையெழுத்துப் போட்டான், டீசல் வந்து இறங்கியதற்குப் போடுகிற மாதிரி, வேறு எதையோ யோசித்துக்கொண்டு. என்ன யோசித்தான் அப்போது? அதை எத்தனையோ தடவை ஞாபகப்படுத்திப் பார்த்தாயிற்று. ஃப்ளாஸ்கில் டீ இருக்கிறதா என்று யோசித்திருப்பான். பாஸ்போர்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக ஊருக்குப் போக அனுமதி வந்தது, சமையல்காரருக்கு, எஞ்சின் ஆட்களுக்கு, தீபாங்கருக்கு, கடைசியில் கப்பலும் எட்வினும் மட்டும் மிஞ்சினார்கள். கப்பலை வாங்க ஆள் இல்லை. யார் வாங்குவார், முகப்பில் எழுதிய பெயரே துருவோடு பாதி உதிர்ந்துவிட்ட கப்பலை? விற்கும்வரை அவன் இறங்க முடியாது. அல்லது அவன் இடத்தில் இன்னொருத்தன் கையெழுத்துப் போட வேண்டும். போர்ட் சைடு, என்றது விளையாட்டு, பெண் குரலில், எப்போதும் ஒரே நிதானத்தோடு, இடப்பக்கக் கவசம் கால்வாசிக்குக் கீழே. மனுஷக் குரல் என்று பகலில் கேட்பது அந்தப் பெண்ணுடையதுதான். சரிம்மா, தாரேன், என்றான் எட்வின் சத்தமாக, முன்பக்கத்திலிருந்து எடுத்து இடப்பக்கத்துக்குத் தள்ளினான், அவள் அடங்கினாள்.

இன்னொருத்தன். ஆள் கிடைச்சாச்சு சாரே, என்று நேற்று போனில் கப்பல் ஏஜென்டின் ஆள், மலையாளி ஷாஜி, சொன்னபோது எட்வினுக்கு முதலில் புரியவே இல்லை. உங்க நாட்டுக்காரன்தான், கீழக்கரை, பேரு சீனி முகம்மது, இங்கே ஏதோ கட்டட கம்பெனியில வாட்ச்மேனா இருந்தது, கம்பெனி மூடிப்போயி, வேலை தேடி அலைஞ்சுகிட்டிருக்கு பாவம், கப்பல்ல காவல் வேலைன்னு சொல்லியிருக்கு, வரும். நாளைக்குப் படகில கூட்டி வரும், மறுநாள் கோர்ட் ஆளு வந்து கையெழுத்து வாங்கும், அன்னைக்கே நீங்க எறங்கலாம். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஆள்கிட்ட ஒண்ணும் அதிகமா பறைய வேண்டா, கேட்டோ. சரி, என்று எட்வின் சொன்னான். சொன்னது அவன்தானா? அவன்தான். அதிலென்ன. சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. கேட்டால் சொல்லிவிடலாம். கேட்பாரா? வேலை தேடி அலைகிற ஆள் என்ன கேட்பார், சாப்பாடு உண்டா, படுக்க இடம் உண்டா, வெள்ளிக்கிழமை தொழுக விடுவார்களா, இதையெல்லாம் கேட்பார், இறங்க விடுவார்களா என்று எவன் கேட்பான், வீட்டுக்குள் நுழைகிறவன் வெளியே போகக் கதவு இருக்கிறதா என்றா கேட்டுக்கொண்டு நுழைகிறான்? எட்வின் கேட்டானா? கேட்கவில்லை. எட்வினிடம் யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. அப்படியானால் சரிக்குச் சரி. இல்லை, சரிக்குச் சரி கேப்டனோடு அல்லவா இருக்க வேண்டும், இந்த மனுஷன் நடுவில் என்ன செய்தார்? முன்னால் இரண்டு சொறி. ஏணிக்குப் பக்கத்தில் நின்று, வாங்க பாய், என்று சொல்லலாம். வாங்க பாய், பெரிய வேலை ஒண்ணுமில்ல, விளக்குப் போடணும், பம்ப் ஓட்டணும், நாளைக்கு ஒரு கையெழுத்து, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. நாக்கில் அந்த வார்த்தை வந்து நின்ற விதத்தில் அவனுக்கு உடம்பு கூசியது. கேப்டனின் கை தோளில் இருந்த மாதிரி இருந்தது, சூடாக, ஈரமாக. தோளைக் குலுக்கினான். வலப்பக்கம் சிவந்தது. எடு, கொடு, எடு, கொடு.

மனைவி பிளேவியா அவனை அவனைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள். நேற்று இரவு போனில் சந்தோஷம் பொங்கி அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, பேசிக் கெடுத்துராதிய. யாருட்ட? அவருட்டத்தான். நீங்க எதையாவது சொல்லுவிய, எனக்குத் தெரியாதா உங்கள? நல்லவனா இருந்தது போதுங்க. எங்களையும் கொஞ்சம் பாருங்க. நான் ஒத்தையில கெடந்து சாவுதேன். சாவுதேன் என்பது ஊர்ப்பேச்சு, சும்மா சொல்வதுதான். விமானத்தில் உட்காரும்வரை பிள்ளையிடம் சொல்லாதே என்று சொல்லியிருந்தான். சொல்லியிருப்பாள். பின்னால் மகள் செலின் கட்டிலில் குதிக்கிற சத்தம் கேட்டது. அவன் கப்பலேறியபோது செலின் தவழ்ந்துகொண்டிருந்தாள், கட்டில் காலைப் பிடித்து எழுந்து நிற்பாள், உட்காரத் தெரியாமல் நின்றபடியே அழுவாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா எங்கே இருக்காங்க என்று டீச்சர் கேட்டதற்கு, அப்பா போன்ல இருக்காங்க, என்று சொல்லியிருக்கிறாள், பிளேவியா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அவனும் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். போனிலிருந்து இறங்கி வருகிற அப்பா எப்படி இருப்பார் அவளுக்கு? பயந்து பிளேவியாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். ஒளியட்டும். மிட்டாயைக் காட்டிக் கூப்பிடக்கூடாது, அவளாக வருகிறவரை தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், தரை, அசையாத தரை, சிமெண்டுத் தரையில் காலை நீட்டி முதுகைச் சுவரில் சாய்த்து. அந்தச் சுவரின் குளிர்ச்சி முதுகில் பட்டே விட்டது. எட்வின் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்குள்ளும் சொறிகள் விரிந்து சுருங்கின.

கீழக்கரைக்காரருக்கும் ஒரு தரை இருக்கும். அதை யோசிக்காதே. யோசிக்க வேண்டியது இதை: இங்கே இன்னும் இருந்தால் என்ன ஆகும் என்று. போன மாதம் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கக் கண்ணாடி முன்னால் நின்றவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியவில்லை, பல்பொடி உள்ளங்கையில் வேர்வையோடு சேர்ந்து காய்ந்திருந்தது. சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டு நங்கூரம் நகர்கிறது என்று முகப்புக்கு ஓடினால் சங்கிலி கம்மென்று கிடக்கும், கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும். காதுக்குள் மட்டும் இழுபடும். நாலாவது ஹோல்டுக்குள், காலியான சரக்குக் கிடங்குக்குள், குனிந்து தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிரொலி கொஞ்சம் தாமதித்து வரும், அந்தத் தாமதம் கூடிக்கொண்டே போகிற மாதிரி ஒரு நாள் தோன்றியது, யாரோ உள்ளே யோசித்துவிட்டுப் பதில் சொல்கிற மாதிரி, அதற்குப் பிறகு அங்கே போவதில்லை. பைத்தியம் பிடிக்கிறவனுக்கு அது பிடிக்கிறது என்று தெரியுமா? தெரியாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தனக்கு இன்னும் தெரிகிறது, அதுவரை நல்லது. இந்த விளையாட்டுதான் பிடித்து நிறுத்தியிருக்கிறது, இது சத்தியம், எதையாவது எடுத்து எதற்காவது கொடுத்துக்கொண்டு கை ஓடினால் தலை கொஞ்சம் சும்மா இருக்கிறது. அந்த மனுஷனுக்கு இதையாவது கற்றுக்கொடுத்துவிட்டுப் போகலாம். கணினியை அவர் மடியில் வைத்துவிட்டு. தீபாங்கர் வைத்த மாதிரி. இதோ பாருங்க பாய், இது கவசம், இது பீரங்கி, இது காற்று. மீட்புக் கப்பல் வெள்ளையா வரும், நான் பாத்திருக்கேன்.

பின்பக்கம் உடைந்தது. பெண் அதே நிதானத்தோடு சொன்னாள், பின்பக்கக் கவசம் இல்லை, பின்னறையில் ஓட்டை, காற்று வெளியேறுகிறது. திரையின் அடியில் சின்னக் கட்டமாய்ப் பின்னறை சிவப்பில் துடித்தது, அதற்குள் மூன்று பச்சைப் புள்ளிகள், கதவை நோக்கி நகர ஆரம்பித்திருந்தன. கதவை இப்போதே பூட்டினால் கப்பலின் மற்றப் பகுதியின் காற்று தப்பும். புள்ளிகள் கதவைத் தாண்டும்வரை பொறுத்தால் தப்பினாலும் தப்பும், தப்பாமலும் போகும். எட்வின் பூட்டினான். யோசிக்கவே இல்லை, எச்சில் முழுங்குகிற மாதிரி விரல் தானாகப் போய் அமுக்கியது, எத்தனையோ ஆட்டத்தில் எத்தனையோ தடவை அமுக்கிய பொத்தான்தானே. புள்ளிகள் கதவுக்கு வந்துவிட்டன. அங்கேயே நின்றன. ஒன்று மட்டும் விலகி அறையின் ஒரு மூலைக்குப் போய்த் திரும்பியும் வந்தது, வேறு வழி உண்டா என்று பார்த்துவிட்டு வருகிற மாதிரி. அதை யாரோ அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள், எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து, கதவு பூட்டியிருந்தால் மூலைக்குப் போய்ப் பார்த்துத் திரும்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அது, புள்ளிக்கு என்ன தெரியும். இதற்கு முன்னால் அவன் அதைக் கவனித்ததே இல்லை. கவசத்தைப் பார்ப்பான், சொறியைப் பார்ப்பான், பின்னறையைப் பூட்டிய பிறகு அந்தப் பக்கம் கண் போனதில்லை. மூன்று புள்ளிகளும் சாம்பல் நிறமாயின. மூச்சுக்காற்றின் அளவு விறுவிறுவென்று ஏறியது, அதை எடுத்து முன்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் கொடுக்கலாம், நிறைய இருக்கிறது இப்போது, நன்றாகத் தாங்கும், ஒருவேளை வெள்ளைக் கப்பல் வருகிறவரையிலும்கூட. எட்வின் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தான். எவ்வளவு லேசாக வந்துவிட்டது! யாரும் சொல்லித்தராமலே. கேப்டனுக்கும் இப்படித்தான் லேசாக வந்திருக்குமோ, தோளில் கையைப் போடும்போது ஒன்றுமே தோன்றியிருக்காதோ, கெட்ட மனுஷன் என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தோமே, கெட்ட மனுஷனாக ஆவதற்கு எதுவுமே செய்ய வேண்டாமா, ஒரு விரல் போதுமா.

வெளியே படகு ஹாரன் அடித்தது.

கணினியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். மேல்தளத்தில் கால் வைத்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. என்ன சொல்வது என்று இன்னமும் முடிவு செய்யவில்லை, இரும்புத் தளத்தில் நடக்க நடக்க முடிவு தானாக வந்துவிடும் என்று நினைத்தான், வரவில்லை, பிளேவியா சொன்னதுதான் கால் எடுத்துவைக்கும் தோறும் கேட்டது, எங்களையும் கொஞ்சம் பாருங்க, எங்களையும் கொஞ்சம். பேசாமல் நின்றால் போதும். நல்லது கெட்டது எதுவும் பண்ண வேண்டாம், ஊமை மாதிரி நின்றால் நாளைக்கு இந்நேரம் கரை. கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தான். படகு கப்பலின் விலாவில் உரசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர்க் கேன்கள், அரிசி மூட்டை, கறுப்புக் கண்ணாடி போட்ட ஷாஜி, அவனுக்குப் பின்னால் கட்டம்போட்ட சட்டையை முழுக்கைவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார், ஐம்பதுக்கு மேல் இருக்கும், தாடியில் நரை, ஒரு கையில் ரெக்ஸின் பை, இன்னொரு கையில் துணியால் சுற்றி முடிந்த தூக்குவாளி. முதல்நாள் வேலைக்குப் போகிறவர் மாதிரி தலையைப் படிய வாரியிருந்தார். அண்ணாந்து எட்வினைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"சார், அஸ்ஸலாமு அலைக்கும். தமிழ் ஆளுன்னு சொன்னாக. எம்புட்டு சந்தோஷமா இருக்கு தெரியுமா!" என்று கத்தினார். "ஏணி உறுதியா இருக்கா சார்? கயித்து ஏணியில நான் ஏறுனதில்ல. பிடிச்சு ஏறலாமா?"

ஏணி உறுதியாகத்தான் இருந்தது. எட்வினே வாராவாரம் முடிச்சுகளைப் பார்த்து வைப்பான், என்றைக்காவது தானே இறங்க வேண்டியது என்று. ஏறலாம் பாய் என்று சொன்னால் போதும், அது பொய்கூட இல்லை. அந்த மனுஷன் தூக்குவாளியைப் பற்களில் கடித்துக்கொள்ளலாமா என்று பார்த்துவிட்டு, முடியாமல், முழங்கையில் மாட்டிக்கொண்டு, ஏணியின் மரப்படியைப் பிடித்தார்.

"ஏணி நல்லாத்தான் இருக்கு பாய்," என்றான் எட்வின். பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னான். "ஏறுறதுல ஒண்ணுமில்ல. ஏறுனா எறங்க விடமாட்டாங்க."

"என்ன சார்?"

"இது காவல் வேலை இல்ல. கப்பல் கோர்ட்டுல இருக்கு. நாளைக்கு உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்குவாங்க. அத போட்டுட்டா கப்பல் விக்குறவரைக்கும் நீங்கதான் பொறுப்பு. பாஸ்போர்ட்ட வாங்கிக்கிடுவாங்க. ஒத்தையில இருக்கணும். நான் அப்படித்தான் மாட்டுனேன்."

ஷாஜி கண்ணாடியைக் கழற்றினான். "சாரே! என்ன பேச்சு இது? நான் சொன்னதல்லே, ஒண்ணும் பறைய வேண்டான்னு? வீட்டுக்குப் போவேண்டே உங்களுக்கு?"

"போகணும்," என்றான் எட்வின்.

சீனி முகம்மது படியில் வைத்த கையை எடுக்கவில்லை. படகு ஏறி இறங்க, அவர் முகமும் ஏறி இறங்கியது. ஷாஜியைப் பார்த்தார், அரிசி மூட்டையைப் பார்த்தார், பின்னால் திரும்பிக் கரையைப் பார்த்தார், அங்கே அவருக்கு எதுவும் இல்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. பிறகு மேலே பார்த்து, மெல்லக் கேட்டார், அலைச் சத்தத்தில் எட்வின் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "நீங்க எம்புட்டு நாளா சார் இதுல இருக்கீக?"

"நான் ஏறும்போது எம்மவ தவழ்ந்துட்டு இருந்தா. இப்ப ஸ்கூலுக்குப் போறா."

அவர் கையை எடுத்தார். யா அல்லா என்று வாய்க்குள் சொன்னது உதட்டில் தெரிந்தது. ஷாஜி போனை எடுத்து யாரிடமோ மலையாளத்தில் படபடவென்று பேச ஆரம்பித்தான், இடையிடையே எட்வினை நோக்கிக் கையை ஆட்டினான், இனி ஆள் தேட மாட்டேன், கிடந்து சாவு, என்கிற மாதிரி இருந்தது அது. படகுக்காரன் கேன்களையும் மூட்டையையும் கயிற்றில் கட்டிவிட, எட்வின் இழுத்தான். கடைசி இழுப்புக்குக் கயிறு லேசாக வந்தது. நுனியில் தூக்குவாளி.

"காலையில நானே ஆக்குன கஞ்சி சார், கறி போட்டது," என்று கீழேயிருந்து சொன்னார் சீனி முகம்மது. "ரெண்டு பேருக்குன்னுதான் கொண்டாந்தேன். நீங்க சாப்புடுங்க." சொல்லிவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படகு திரும்பியது. அவர் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார், கண்ணுக்குச் சட்டையின் கட்டம் மறைகிறவரை.

எட்வின் அங்கேயே கம்பிக்குக் கீழே நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்தான். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மனசு நிறையும் என்று எங்கேயோ ஒரு ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறான் போலிருக்கிறது, நிறையவில்லை, என்ன செய்துவிட்டாய், என்ன செய்துவிட்டாய், யார் கேட்டார்கள் உன்னை, நாளைக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டியவன், பிள்ளை குதித்தாளே, காதால் கேட்டாயே. படகைக் கூப்பிடலாமா என்றுகூட வந்துவிட்டது. வாக்கி-டாக்கி கேபினில் இருக்கிறது. ஓடினால் எடுக்கலாம். விளையாட்டுக்குச் சொன்னேன் பாய் என்று சொல்லலாம். அவன் எழுந்திருக்கவில்லை. அது மனவுறுதி இல்லை, கால் எழவில்லை, அவ்வளவுதான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பிளேவியா. எடுக்காமல் இருந்தால் திரும்பத் திரும்ப அடிப்பாள். எடுத்தான்.

"ஏறிட்டாரா?"

கடல் கொந்தளிப்பு, படகு நிற்க முடியவில்லை. ஏணி அறுந்துவிட்டது. ஆள் வரவில்லை. மூன்று பொய்யும் வரிசையாக வந்து நின்றன, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். "இல்ல," என்றான். "நான்தான் வேண்டாம்னுட்டேன். விஷயத்தச் சொல்லிட்டேன்."

போன் அறுந்தது. சிக்னல் போனால் மூன்று தடவை சத்தம் வந்து அறும், இது அப்படி அறவில்லை, வைத்துவிட்டாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருமிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் ஒரு தடவை விக்கி நின்றது, டீசல் இறைக்க வேண்டும், எழுந்து போக வேண்டும், எல்லாம் வழக்கம் போல செய்ய வேண்டும், நாளைக்கும். கப்பலில் ஒரு சத்தமும் இல்லை. அழட்டும். அவள் அழுவதற்குக்கூட அவன் பக்கத்தில் இல்லை, அழ வைக்க மட்டும் இத்தனை தூரத்திலிருந்து கை நீளுகிறது. இனி எடுக்கவே மாட்டாளோ. இன்றைக்கு எடுக்க மாட்டாள், நாளைக்கும் எடுக்க மாட்டாள், அப்புறம் பிள்ளையைவிட்டுப் பேசச் சொல்வாள், அப்புறம் அதுவும், அதற்கு மேல் நினைப்பு போகவில்லை, ஹோல்டின் விளிம்பில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டது. நிழல் நகர்ந்து அவன் முழங்காலில் வெயில் ஏறியது. காலை மடக்கவும் தோன்றாமல் இருந்தான். தூக்குவாளித் துணியின் முடிச்சு பக்கத்தில் இருந்தது, பெரிய கையால் போட்ட, பெண்பிள்ளை போடாத முரட்டு முடிச்சு.

போன் மறுபடி அதிர்ந்தது.

"அவரு பேரு என்ன?" என்றாள் பிளேவியா. மூக்கடைத்த குரல்.

"சீனி முகம்மது."

"புள்ளைங்க இருக்காமா?"

"கேக்கலயே."

எட்வின் தூக்குவாளியின் முடிச்சில் விரலை வைத்தான்.

"இருக்கும்," என்றாள் அவள்.